பக்கத்து நிலத்தில் உயர அடுக்குமாடி வருகிறதா? ஆட்சேபணை செய்ய முழுமையான வழிகாட்டி (ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிக்காரர்களுக்கு)

ஓசூரில் எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு மாந்தோப்பு இருந்தது. ஒருநாள் காலை அங்கே பொக்லைன் வந்து நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் 140 கையெழுத்து வாங்கி மனு கொடுத்துவிட்டோம். பதினைந்து நாளில் பதில் வந்தது: 'மனுவில் புல எண் குறிப்பிடப்படாததால் நடவடிக்கைக்கு உகந்ததாக இல்லை.' புல எண் என்பது சர்வே எண்தான். 140 பேரில் ஒருவருக்கும் அந்தத் தோப்பின் எண் தெரியாது.

அதன் பிறகு எங்கள் வேலையையும், உதவி கேட்டு வந்த வேறு மூன்று நகர்க்காரர்கள் வேலையையும் சேர்ந்து பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கையெழுத்தில் தொடங்கி ஆவணத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

30 மீட்டர் டேப் ஒன்று, தேதியும் இடமும் படத்திலேயே பதியும் கேமரா செயலி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் நாலைந்து, ஒரு தடிமனான கோப்பு. மனைப்பிரிவில் இருப்பவர்கள் என்றால் உங்கள் லேஅவுட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகல். முதலில் மனை வாங்கிய பழைய ஆள் யாரிடமாவது, பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைத்த நகல் இருக்கும். எங்களுக்கு அது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. எங்கள் மொத்த வாதமும் பிறகு அந்தக் காகிதத்தின் மேல்தான் நின்றது.

ஓடுவதற்கு மூன்று பேர் போதும். ஒருவர் பகலில் அலுவலகம் போகக்கூடியவராக இருக்க வேண்டும். இருபது பேர் குழுவில் எல்லோரும் பேசுவார்கள், திங்கட்கிழமை ஒருவரும் வரமாட்டார்கள்.

1. சர்வே எண்ணைப் பிடியுங்கள்

அரசு அலுவலகத்தில் நிலத்துக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 'தோப்பு', 'கவுண்டர் நிலம்', 'ஸ்கூல் பின்னாடி' என்று எழுதினால் கோப்பைத் தேடவே முடியாது.

தமிழ்நாடு அரசின் இணைய நிலச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் கொடுத்து அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம். உங்கள் சொந்த மனையின் சர்வே எண்ணில் தொடங்குங்கள். அதன் புலப்படத்தில் சுற்றிலும் உள்ள புல எண்கள் போட்டிருக்கும். ஒவ்வொன்றாக நகர்ந்தால் குறிப்பிட்ட நிலத்துக்கு வந்துவிடலாம். உட்பிரிவு எண்ணையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். பக்கத்துப் புலம் ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை என்று இருந்தால் அதன் நகலையும் எடுத்து வையுங்கள். ஓசூர் பக்கம் ஏரிகள் சங்கிலி போலக் கோத்தவை. நடுவில் உள்ள ஓடை தரையில் மண் மூடிக் கிடந்தாலும் புலப்படத்தில் உயிரோடு இருக்கும்.

அப்புறம் பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று. நிலம் யார் கைக்குப் போயிருக்கிறது, அதோடு சேர்த்து வேறு எந்த மனை வாங்கப்பட்டிருக்கிறது என்று அதில் தெரியும். தோப்பை வாங்கிய கட்டுமான நிறுவனமே எங்கள் தெருவின் கடைசி மனையையும் வாங்கியிருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. நாலாவது படியில் புரிந்தது.

2. கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில்தான் பலரும் ஒரு தப்பான நம்பிக்கையோடு வருகிறார்கள். 'நோட்டீஸ் வரும், கூட்டம் போடுவார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று. குடியிருப்புப் பகுதியில் ஒருவர் அடுக்குமாடி கட்ட விண்ணப்பித்தால், அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கருத்துக் கேட்கும் கட்டாயம் பொதுவாக இல்லை. கோப்பு உங்கள் வீட்டு வாசலைக் கடந்து போவது உங்களுக்கே தெரியாது.

நில உபயோக மாற்றம் மட்டும் வேறு. ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) விவசாயம் என்றோ தொழிற்சாலை என்றோ குறித்த நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால், நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். ஆட்சேபணைக்கு இருப்பதிலேயே நல்ல வாய்ப்பு இதுதான். ஆனால் அந்த அறிவிப்பு உள்பக்கத்தில் தபால்தலை அளவில் வரும், கெடுவும் சில வாரம்தான். தினமும் பேப்பர் முழுக்கப் படிக்கும் பெரியவர் ஒருவரிடம் சர்வே எண்ணை எழுதிக் கொடுத்து வையுங்கள்.

கட்டடத்துக்கான திட்ட அனுமதி கோப்பு உள்ளூர் திட்டக் குழுமத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ தொடங்கும். உயர்மாடி என்றால் சென்னையில் நகர் ஊரமைப்பு இயக்ககம் வரை போகும். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தும் தனித்தனியாக வர வேண்டும். ஆட்சேபணையை ஒரே இடத்தில் கொடுத்து நிறுத்தக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

பிளாட் விற்பனைக்கு விளம்பரம் வந்துவிட்டதா? அப்படியானால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவாகியிருந்தால் திட்ட அனுமதி எண்ணும் தேதியும் அங்கேயே கிடைக்கும். பதிவில்லாமல் விளம்பரம் மட்டும் ஓடினால் அதுவே ஒரு புகார்.

3. தகவல் உரிமை மனுவை உடனே போடுங்கள்

பதில் தர 30 நாள் கெடு இருப்பதால் இதைத் தள்ளிப்போடக்கூடாது. அளவெடுப்பது, மனு எழுதுவது எல்லாம் இந்த 30 நாளுக்குள் நடக்கலாம்.

புதியவர்கள் 'ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இப்படி:

'...... கிராமம், புல எண் ......-இல் கட்டடம் கட்டக் கோரி வந்த விண்ணப்பத்தின் எண், பெறப்பட்ட நாள், இன்றைய நிலை. விண்ணப்பத்துடன் சமர்ப்பிக்கப்பட்ட தள வரைபடத்தின் நகல். அணுகுசாலையின் அகலம் குறித்த கள ஆய்வு அறிக்கையின் நகல். பிற துறைகளிலிருந்து பெறப்பட்ட தடையின்மைச் சான்றுகளின் நகல். மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கோருகிறேன்.'

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு நேரில் பார்க்கும் உரிமையைத் தருகிறது. நகலில் தவறிப்போகும் தாள் கோப்பில் இருக்கும். வரைபடம் மூன்றாம் தரப்பினருடையது என்று மறுத்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கள ஆய்வு அறிக்கை அரசு ஊழியர் எழுதியது, அதை அந்தக் காரணம் சொல்லி மறுப்பது கடினம். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறோம்.

4. சாலையை நீங்களே அளங்கள்

மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். செலவு ஒரு டேப்பின் விலை.

முதலில் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் 'உயர்மாடிக் கட்டடம்'. அதாவது 60 அடி. தரையில் வண்டி நிறுத்தும் தூண் தளம், மேலே ஐந்து மாடி என்றால் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். ஊர்க்கண்ணுக்கு அதுவும் பெரிய கட்டடம்தான், விதிக்கு இல்லை. சாலை, செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய காலியிடம்) கணக்கு அதற்கு வேறு, தளர்வானதும் கூட. தூண் தளமும் ஐந்து மாடியும் வரும் கட்டடத்தை எதிர்த்து உயர்மாடி விதிகளை மேற்கோள் காட்டி மனு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே வரியில் தள்ளுபடி ஆகும்.

உயர்மாடி என்றால் 2019 விதிகளில் குறைந்தது 12 மீட்டர் அகலப் பொதுச்சாலை வேண்டும், ஏறத்தாழ 39 அடி 4 அங்குலம். 30 மீட்டர் உயரம் வரை நாலு பக்கமும் 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூட்ட வேண்டும். இந்த விதிகளுக்கு அவ்வப்போது திருத்த ஆணை வருகிறது. மேற்கோள் காட்டும் முன் திருத்தங்கள் சேர்ந்த பிரதியைத் தரவிறக்கிப் பாருங்கள், பழைய பிரதியை நம்பி எழுதாதீர்கள்.

நாங்கள் காலை ஆறு மணிக்கு அளந்தோம். ஏழு மணிக்கு மேல் சிப்காட் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிடும். நிலத்தின் வாசல், தெருவின் நடு, தெரு மெயின் ரோட்டில் சேரும் முனை என மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் காம்பவுண்டிலிருந்து எதிர்க் காம்பவுண்டு வரை ஓர் அளவு, தார் விளிம்பிலிருந்து தார் விளிம்பு வரை ஓர் அளவு. டேப்பின் எண் தெரியும்படி படம்.

நடுத்தெருவில் அளந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுப் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார். படி இரண்டடி ரோட்டுக்குள் இருந்தது. 'இதையும் எழுதணுமா தம்பி?' என்றார். எழுதினோம், அவரும் அடுத்த வாரம் படியை இடித்துவிட்டார். நம் ஆக்கிரமிப்பை மறைத்து அளந்தால், கள ஆய்வுக்கு வரும் சர்வேயர் முதலில் அதைத்தான் பார்ப்பார். பிறகு மனு முழுவதும் பொய்யாகத் தெரியும்.

அளந்த பிறகுதான் கடைசி மனையை ஏன் வாங்கினார்கள் என்று விளங்கியது. தோப்புக்கு முன்பக்கம் இருந்தது 20 அடி ஊர்ப்பாதை. அந்த மனையை உடைத்து எங்கள் 30 அடித் தெரு வழியாக வாசல் வைப்பதுதான் திட்டம். வாத்தியார் பெட்டியிலிருந்த லேஅவுட் வரைபடத்தில் எங்கள் தெரு 9 மீட்டர், அந்த மனை குடியிருப்பு மனை. அவர்கள் கட்ட நினைத்த 14 மாடிக்குக் குறைந்தது 12 மீட்டர் தேவை. எங்கள் மனுவின் முதல் பத்தி அங்கேயே தயார்.

5. ஆட்சேபணையையும் மனக்குறையையும் பிரியுங்கள்

தெருக்கூட்டம் போட்டு எல்லோர் சொல்வதையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் எந்த விதி, என்ன ஆதாரம் என்று கேளுங்கள். இரண்டும் இல்லாததை அடித்துவிடுங்கள்.

அடிபடப்போவது: மலைக்கோயில் தெரியாமல் போகும், வெளியூர்க்காரர்கள் வருவார்கள், பேச்சிலர் பசங்க குடியேறுவார்கள், வீட்டு மதிப்புக் குறையும். இவற்றை எழுதினால் நல்ல காரணங்களும் சேர்ந்து கெடும். 'யார் வருவார்கள்' என்பதை வைத்து எதிர்ப்பது எனக்குப் பிடிப்பதும் இல்லை. ஓசூரில் நம்மில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்தானே.

நிற்கப்போவது: அணுகுசாலை அகலம், செட்பேக், தீயணைப்பு வண்டி திரும்ப இடம், பார்க்கிங், மழைநீர் வடிகால், கழிவுநீர் போகும் இடம், ஓடைப் புறம்போக்கு, திறந்தவெளி ஒதுக்கீடு. நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். 10,000 வரை அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம், அதற்கு மேல் நிலமாகவே கொடுக்க வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள்.

தண்ணீர் எல்லோரும் சொல்லும் காரணம், ஆனால் எல்லோரும் கணக்கில்லாமல் சொல்கிறார்கள். நாங்கள் இப்படி எழுதினோம்: 120 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 64,800 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் தினமும் ஐந்துக்கு மேல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு எந்தெந்த நாள் வருகிறது என்ற குறிப்பு, மூன்று வீட்டு போர்வெல் பில் (ஆழம் அதில் இருக்கும்), ஏப்ரல், மே மாத டேங்கர் ரசீதுகள். பிறகு ஒரே கேள்வி: இந்த 64,800 லிட்டருக்கு ஆதாரம் எது என்று விண்ணப்பத்தில் காட்டப்பட்டிருக்கிறதா?

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை (சுமார் 2.15 லட்சம் சதுர அடி) எட்டினால், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. அதற்கான விண்ணப்பமும் நிபந்தனைகளும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பொதுப் பார்வைக்கு இருக்கும். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

6. மனுவை எழுதுங்கள்

இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இணைப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். படிப்பவர் மேசையில் அன்று ஐம்பது கோப்பு இருக்கும்.

பொருள் வரியில் கிராமம், புல எண், விண்ணப்ப எண். பிறகு எண்ணிட்ட பத்திகள். ஒவ்வொன்றிலும் நிலவரம், விதி, இணைப்பு எண். உதாரணத்துக்கு எங்கள் முதல் பத்தி:

'மேற்படி இடத்துக்கு அணுகுசாலையாகக் காட்டப்படும் தெரு, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் 9 மீட்டர் அகலம் உடையது (இணைப்பு 1). களத்தில் மூன்று இடங்களில் அளந்ததில் குறைந்த அகலம் 8.6 மீட்டர் (இணைப்பு 2, படங்கள்). உயர்மாடிக் கட்டடத்துக்கு விதிகள் கோரும் அகலம் இதில் இல்லை. எனவே எங்கள் முன்னிலையில் கூட்டுப் புலத்தணிக்கை செய்து, அதன் பின்னரே விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கக் கோருகிறோம்.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 'தடை செய்யுங்கள்' என்று கேட்டால் 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். 'புலத்தணிக்கை செய்யுங்கள்' என்பது செய்தார்களா இல்லையா என்று பின்னால் கேட்கக்கூடிய வேலை.

'லஞ்சம் வாங்கிக்கொண்டு' என்ற சொல் எங்கும் வரக்கூடாது. சந்தேகம் இருக்கலாம், ஆதாரம் இல்லையே. அவதூறு நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டவர்கள் பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

7. இப்போது கையெழுத்து

பெயர், கதவு எண், கைபேசி எண், கையெழுத்து என நாலு கட்டம். ஒவ்வொரு தாளின் தலையிலும் மனுவின் பொருள் வரி அச்சாகியிருக்க வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்தை 'கோயில் திருவிழாவுக்கு வாங்கியது' என்று சொல்லிவிட முடியும். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம், அவர்களும் அந்தத் தெருவில்தான் நடக்கிறார்கள். நம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் நிறைய. படிக்காமல் போடச் சொல்லாதீர்கள், இரண்டு நிமிடம் வாயால் விளக்குங்கள். பின்னால் விசாரணைக்குக் கூப்பிட்டால் 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார்' என்று ஒருவர் சொன்னால் போதும், மொத்தமும் சாய்ந்துவிடும்.

8. கொடுக்கும் இடங்கள்

ஒரே நாளில், ஒரே மனு: திட்ட அனுமதி தரும் அலுவலகம், மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையர் (ஊராட்சி என்றால் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும்), மாவட்டத் தீயணைப்பு அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். ஓடை சம்பந்தப்பட்டால் வட்டாட்சியர். சென்னை இயக்ககத்துக்கு ஸ்பீட் போஸ்ட். நேரில் கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் கொடுங்கள். அங்கே கணினியில் ஏற்றி எண் தருவார்கள். ஆனால் அங்கே மட்டும் கொடுத்தால், மனு கீழே இறங்கி உரிய அலுவலகம் வந்து சேர்வதற்குள் அனுமதி கையெழுத்தாகியிருக்கும்.

ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடலாம். அதற்குத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை, ஆனாலும் கோப்பில் ஒரு கனமான தாளாகச் சேரும்.

9. பில்டர் பேச வந்தால்

வருவார். எங்களிடம் 'தெருவுக்கு கேமரா போட்டுத் தருகிறோம், கோயில் மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுத் தருகிறோம்' என்றார்கள். மறுக்காதீர்கள், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். குறைந்தது மூன்று பேர் சேர்ந்து போங்கள். ஒருவர் தனியாகப் போனால், நேர்மையானவராக இருந்தாலும் தெருவில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். பேசியதை அன்றே எழுதி இரு தரப்புக்கும் அனுப்புங்கள்.

அதற்கு முன் உங்களுக்குள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கட்டடமே வேண்டாமா, உயரம் குறைந்தால் போதுமா, வாசல் வேறு பக்கம் போனால் போதுமா? சொந்த நிலத்தில் விதிப்படி கட்டுவதை யாரும் நிறுத்த முடியாது. நான் பார்த்த நாலு இடத்திலும் ஒன்றில்கூட முழுதாக நிற்கவில்லை. மூன்று இடத்தில் திட்டம் மாறியது.

10. அனுமதி வந்துவிட்டால்

அனுமதி ஆணையின் நகலை உடனே கேளுங்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவில் மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதக் கெடு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதென்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கெடு 30 நாள். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம். உயர் நீதிமன்றம் என்றால் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு மதுரை இல்லை, சென்னைதான். இந்த நிலையில் வக்கீல் வேண்டும். முத்திரை குத்திய நகல்கள் இல்லாமல் போனால் அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

வேலை தொடங்கியபின் வரைபடத்துக்கு மாறாகக் கட்டினால் அதே 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நிறுத்தவும் அகற்றவும் திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். காம்பவுண்டிலிருந்து தூண் வரை உள்ள தூரத்தை அஸ்திவாரக் கட்டத்திலேயே பாருங்கள். மாடி எழுந்தபின் செட்பேக்கைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எங்கள் தோப்பில் இப்போது நிற்பது தூண் தளமும் ஐந்து மாடியும். வாசல் ஊர்ப்பாதைப் பக்கம், அதை அகலப்படுத்தத் தங்கள் நிலத்திலிருந்து ஒரு பட்டையை விட்டிருக்கிறார்கள். பணி முடிப்புச் சான்று இல்லாமல் அந்த மாதிரிக் கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. அந்தச் சான்றுக்கான விண்ணப்பம் போனதும், மழைநீர் வடிகால் இன்னும் எங்கள் தெருப்பக்கம்தான் திறந்திருக்கிறது என்று படத்தோடு ஒரு மனு கொடுத்தோம். போன வியாழக்கிழமை ஜேசிபி வந்து வடிகாலை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.